முகலாய திவானைக் கட்டுப்படுத்தியவர் யார்?

லோதிகாலனிவாசி:
தில்லியில் அலுவலகம் செல்லும் வழியில், முகலாய வசீராக இருந்த சப்தர்ஜங்கின் கல்லறையைப் பார்க்கும்போதெல்லாம் எழும் ஐயம் இது. பேரரசின் கஜானாவையே வசீர் அல்லது திவான் எனப்படும் நிதியமைச்சர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, முகலாய மன்னர்கள் எப்படி நிம்மதியாக இருந்தார்கள்? படையும் அவர் பொறுப்பில்தான் இருந்ததா?

ஆர்கேபுரம்கணக்கர்:
இல்லை. மன்சப்தார்கள் எனப்படும் தரநிலை பெற்ற அதிகாரிகளின் பதிவும் அவர்களுடைய குதிரைகளைச் சரிபார்ப்பதும் படை நிர்வாகத் தலைவரான மீர் பக்‌ஷியின் வேலை. ஆனால் அவர்களுக்குச் சம்பளமாக ஜாகீர், அதாவது ஒரு நிலப்பகுதியின் வரி வருவாய், ஒதுக்குவது திவானின் அலுவலகம் என்பதால், ஒருவரை விட்டு மற்றவர் காரியத்தை முடிக்க இயலாது. இவற்றுக்கு மேல், கணக்குகளைத் தணிக்கை செய்ய முஸ்தௌஃபி இருந்தார். திவான்கள் போருக்கே போகவில்லை என்று பொருளல்ல. அக்பரின் திவான் தோடர்மால் வங்காளத்திலும் குஜராத்திலும் படை நடத்தியவர். இருந்தாலும் அவர் பெயர் நிலைத்தது கணக்கால்தான். நனைந்தால் சுருங்கும் சணல் கயிற்றால் நிலத்தை அளந்தால் அளவு எப்படிச் சரியாக வரும்? அதனால் இரும்பு வளையங்களால் கோத்த மூங்கில் கழிகள் வந்தன. பத்து ஆண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி பார்த்து வரியைப் பணமாக நிர்ணயித்த 1580-ஆம் ஆண்டின் தஹ்சாலா முறைக்கு இந்த அளவைதான் அடித்தளம்.

மயூர்விகார்வாசகி:
மாகாணங்களைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. அக்பரின் இறுதி ஆண்டுகளில் மாகாணத் திவான்கள் மாகாண ஆளுநரான சுபேதாருக்குக் கட்டுப்படாமல், நேரடியாகத் தலைமைத் திவானுக்கே பதில் சொல்ல வேண்டியவர்களானார்கள். வங்காளத்துத் திவான் முர்ஷித் குலி கான், ஔரங்கசீப்பின் பேரனான சுபேதார் அசீம் உஷ் ஷானோடு மோதிக்கொண்டு, டாக்காவை விட்டே தம் அலுவலகத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது அந்த ஏற்பாட்டின் பலத்தால்தான். முர்ஷித் குலி கானே 1717-இல் நாசிமாகவும், அதாவது ஆளுநராகவும், ஆனபோது, வரியும் வாளும் ஒரே கைக்குப் போயின. என் பார்வையில், 1765-இல் ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய்க்குத் திவானி எனும் வரி வசூல் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றதைவிட இதுவே பெரிய உடைப்பு.

லோதிகாலனிவாசி:
நன்றி. அப்படியானால் சப்தர்ஜங்கும் வரியும் வாளும் ஒரே கையில் வைத்திருந்த வகைதானா?

ஆர்கேபுரம்கணக்கர்:
ஆம். அவர் வசீர் மட்டுமல்லர், சொந்தப் படை வைத்திருந்த அவத் நவாபும்கூட. 1753-இல் மன்னரை எதிர்த்துத் தில்லியிலேயே மாதக்கணக்கில் போரிட்டுத் தோற்று, அவத் திரும்பி, மறு ஆண்டே இறந்தார். நீங்கள் பார்க்கும் கல்லறையைக் கட்டியவர் அவர் மகன் சுஜா உத் தௌலா.