அருங்காட்சியகப் பட்டியலைச் சரிபார்க்க உங்கள் கண்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. தமிழ் விக்கிப்பீடியாவுக்காகத் தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களின் பட்டியலை அட்டவணையாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர், ஊர், தொடங்கிய ஆண்டு, நிர்வாகம், படம் என ஐந்து பத்திகள். தனியாக உட்கார்ந்து பார்த்ததில் என் தவறுகளே எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

அதிகம் குழப்புவது நிர்வாகப் பத்திதான். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் மாநில அருங்காட்சியகங்கள் துறையுடையது. 2023இல் திறந்த கீழடி மாநிலத் தொல்லியல் துறையுடையது. புனித ஜார்ஜ் கோட்டையில் இருப்பதோ இந்தியத் தொல்லியல் துறையுடையது. மூன்றையும் 'அரசு' என்று ஒரே சொல்லில் அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரித்துக் காட்டினால் வாசகருக்குப் பயன்படுமா, அட்டவணை கனத்துவிடுமா? படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம்: மதுரை ஆயிரங்கால் மண்டபம் போல, கோயிலுக்குள்ளேயே இருக்கும் காட்சிக்கூடங்களைச் சேர்க்கலாமா? சேர்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

உங்கள் ஊர் வரிசையை மட்டுமாவது ஒருமுறை பாருங்கள். மூடிவிட்டதா, வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டதா என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் முதலில் தெரியும். ஆண்டைத் திருத்துவதாக இருந்தால் கல்வெட்டோ அரசு வெளியீடோ ஆதாரமாக வேண்டும். நீங்களே எடுத்த படங்களை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் தளமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லையென்றால் வாசலும் பெயர்ப்பலகையும் போதும். சின்ன ஊர்களின் அருங்காட்சியகங்களுக்குத்தான் படம் அவசரமாக வேண்டும்.