சுட்ட தோட்டாவின் அடியில் இருக்கும் குறிக்கு என்ன பெயர்? (கலைச்சொல் விவாதம்)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

படைத்துறையினர் சுட்டபின் மிஞ்சும் பித்தளைத் தோட்டாக் கூடுகளை இனங்கண்டு, நல்லவற்றைப் பிரித்தெடுத்து, மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்துவது பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுத முற்பட்டிருக்கிறேன். நான் குடியிருக்கும் ஒகையோ மாநிலத்தில் இது சட்டத்துக்கு உட்பட்ட, பலரும் ஈடுபடும் பொழுதுபோக்கு. நம் ஊரில் தேசிய மாணவர் படையில் சுட்டுப் பழகியவர்களுக்கு, சுட்டு முடித்ததும் புல்லில் தேடிப் பொறுக்கிய கூடுகளை எண்ணி ஒப்படைத்த நினைவு இருக்கும். அப்போது காதில் விழுந்த சொல் இந்திக்காரர்களின் 'கோக்கா'. தமிழில் அதற்கு நிலைத்த சொல் எதுவும் அன்று எங்கள் வாயில் இல்லை. கட்டுரையின் முதல் பக்கத்திலேயே நான் தடுக்கி நின்றதற்கும் அதுவே காரணம்.

என் மேசைமேல் இப்போது மூன்று கூடுகளை நிறுத்தி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு வாளி நிறையக் கொடுத்தவற்றிலிருந்து எடுத்தவை. மூன்றும் .30-06 அளவு, எம்1 கேரண்ட் துப்பாக்கிக்கு உரியவை. ஒன்றின் அடியில் 'எஸ்எல் 43' என்றிருக்கிறது. செயின்ட் லூயிஸ் ஆலையில் 1943இல் செய்தது. அடுத்ததில் 'எல்சி 67'. மிசௌரி மாநிலத்து லேக் சிட்டி ஆலை, 1967. மூன்றாவதில் 'எச்எக்ஸ்பி 69'. கிரேக்க நாட்டில் செய்து, பின்னாளில் அமெரிக்கச் சுடுகளங்களுக்கு வந்து சேர்ந்தது. எந்த ஆலை, எந்த ஆண்டு என்று தெரிந்தால்தான் எத்தகைய மருந்துப்பொட்டு (அடியின் நடுவில் அமர்ந்து, தட்டினால் வெடித்து உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) இருந்திருக்கும், பித்தளையை மேலும் நம்பலாமா என்று ஊகிக்க முடியும். ஆக, இந்தக் கலையின் அரிச்சுவடியே அந்த அடியில் இருக்கும் எழுத்துகள்தான்.

ஆங்கிலத்தில் இதை 'ஹெட்ஸ்டாம்ப்' என்கிறார்கள். நானும் முதலில் 'தலைமுத்திரை' என்று எழுதிவிட்டேன். வரைவைப் படித்த என் மகன் கூடு ஒன்றை எடுத்து, 'தலையைப் பாருங்கள்' என்ற வரியை நம்பி, திறந்திருக்கும் வாய்ப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தவறு அவனுடையதன்று. குண்டு உட்காரும் முனைதான் தமிழனுக்குத் தலை. மேசையில் நிறுத்தும்போது கீழே படியும் தடித்த பக்கம் அடி. குடத்துக்கும் அண்டாவுக்கும் உள்ள அதே அடி.

'அடிவெட்டு' என்றும் யோசித்தேன். பாத்திரக் கடையில் குடத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பழக்கத்தை ஒட்டி. ஆனால் வெட்டு என்றால் உளி ஒவ்வோர் எழுத்தாகக் கொத்திச் செல்ல வேண்டும். தோட்டா ஆலையிலோ எழுத்துகள் அத்தனையும் ஒரே அழுத்தில், ஓர் அச்சினால் பதிகின்றன. முத்திரை குத்துவது என்று நாம் சொல்வது இதைத்தான். ஆகவே அடிமுத்திரை என்பது என் முன்மொழிவு.

அடுத்த சிக்கல், மருந்துப்பொட்டு அமரும் முறையில் உள்ள பெர்டன், பாக்சர் என்ற இருவகை. இரண்டும் ஆட்பெயர்கள், இரண்டுக்கும் காப்புரிமை ஆண்டு 1866. ஹைரம் பெர்டன் அமெரிக்கர், ஆனால் அவருடைய முறை ஐரோப்பாவில் வேர்விட்டது. எட்வர்ட் பாக்சர் ஆங்கிலேயர், அவருடைய முறை அமெரிக்காவில் நிலைத்தது. இந்த விநோதம் சுவையானதுதான் என்றாலும், பெயர்கள் புதியவருக்கு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. கூட்டின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் பாக்சரில் நடுவே ஒரு துளை தெரியும்; பெர்டனில் நடுவில் பித்தளை மேடு ஒன்றும், பெரும்பாலும் அதன் இருபுறமும் இரு சிறு துளைகளும் தெரியும். மதகின் துளையைக் கண் என்கிறோம், பாலத்தின் வளைவைக் கண் என்கிறோம், தேங்காய்க்கும் கண் உண்டு. ஆகவே ஒற்றைக்கண், இரட்டைக்கண் என்று சொல்லிவிட்டால், பெயரே சோதனையையும் கற்றுக்கொடுத்துவிடும். ஒற்றைக்கண்ணில் ஊசியை நேராக இறக்கிப் பழைய பொட்டைத் தள்ளிவிடலாம்; இரட்டைக்கண்ணில் ஊசி மேட்டில் போய் முட்டும்.

பொட்டு என்று மேலே எழுதியது 'பிரைமர்' என்பதற்கு. 'எரியூட்டி' என்ற சொல் ஏற்கெனவே வேறு பல கருவிகளுக்கு வழங்குகிறது. தீபாவளிப் பொட்டுவெடியும் இதுவும் தட்டினால் வெடிக்கும் ஒரே இனம். தவிர, அடியின் நடுவில் வட்டமாக அமர்ந்திருப்பதைப் பார்த்தால் நெற்றிப்பொட்டு நினைவுக்கு வராமல் போகாது. மருந்துப்பொட்டு எனலாமா?

'ரீலோடிங்' என்பதற்கு மறுநிரப்பு. 'மறுகெட்டிப்பு' என்று சொல்ல ஆசை இருந்தது. நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைக் கோலால் இடித்துக் கெட்டிப்பார்கள். பித்தளைக் கூட்டில் மருந்தை அளந்து உதிரியாகக் கொட்டுகிறோமே தவிர எதையும் இடிப்பதில்லை, இடிக்கவும் கூடாது.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஒகையோவிலிருந்து

மறுமொழி

வணக்கம் ஐயா.

தங்கள் மடலில் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டு, தலையாய பொருளுக்கு மட்டும் 'கூடு' என்று தற்காலிகமாகச் சொல்லிச் சென்றிருக்கிறீர்கள். எங்கள் ஈழத்து வழக்கில் அதற்குச் சொல் உண்டு: கோது. முட்டைக்கோது என்று சொல்வது போலத்தான் வெற்று ரவைக்கோது என்பதும். தமிழ்நாட்டில் ரவை என்றால் உப்புமா நினைவுக்கு வரும் என்பதால் 'தோட்டாக்கோது' என்று இரு கரையினருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். 'தோட்டா உறை' என்று சிலர் எழுதுகிறார்கள். துப்பாக்கி உறை என்றால் இடுப்பில் மாட்டும் தோல்பை என்பதால், தோட்டா உறையும் ஏதோ ஒரு பை என்றே தோன்றும். 'கூடு' என்பதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எங்களுக்கு ரவைக்கூடு என்றால் பல தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி.

ஒற்றைக்கண், இரட்டைக்கண் இரண்டையும் மனமார ஏற்கிறேன். நான் ரொறன்ரோவுக்கு அருகே .303 லீ-என்ஃபீல்டு சுடத் தொடங்கிய புதிதில், அடிமுத்திரையைப் பார்க்காமல் பிரித்தானியக் கோது ஒன்றை, பழைய பொட்டைத் தள்ளும் அழுத்துகருவியில் வைத்துக் கைப்பிடியை இழுத்துவிட்டேன். கருவியின் ஊசி கொக்கிபோல வளைந்து வெளியே வந்தது. என்னிடமுள்ள கனடியக் கோதுகளோ, 'டிஐ' என்ற எழுத்தும் நைட்ரோசெல்லுலோசு மருந்தைக் குறிக்கும் 'இசட்' எழுத்தும் உடையவை, அவை ஒற்றைக்கண். அளவும் வடிவமும் ஒன்றுதான், உள்ளே கண் மட்டும் வேறு.

இரண்டு ஐயங்கள். 'அடி' என்பது அளவையும் ஆகும், உதையும் ஆகும், குழப்பம் வராதா? இரண்டாவது, 'சீசன் கிராக்கிங்' என்பதற்கு என்ன சொல்லப் போகிறீர்கள்? பழைய கோதுகளின் கழுத்தில் நீளவாக்கில் விழும் அந்தக் கீறலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நிறைவடையாது. 'பருவ வெடிப்பு' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்தேன். எனக்குப் பாத வெடிப்புத்தான் நினைவுக்கு வந்தது.

நன்றி.

மறுமொழி

அன்புள்ள அம்மையீர்,

கோது என்ற சொல்லுக்கு முதலில் நன்றி. புளியங்கோதைத் தினமும் கசக்கி எறிகிற எனக்கு அது தோன்றவில்லை. உள்ளே இருந்தது போனபின் மிஞ்சுவது என்ற பொருள் அதில் இயல்பாகவே இருக்கிறது. பழந்தமிழில் கோது என்றால் குற்றம் என்றும் பொருள். கோதற்ற கோதைப் பொறுக்குவதுதான் நம் வேலை என்று கட்டுரையில் ஓரிடத்தில் எழுதிக்கொள்கிறேன், பொறுத்தருளுங்கள். கட்டுரை வரைவில் 'கூடு' என்று எழுதிய இடங்களையெல்லாம் மாற்றிவிட்டேன்.

அடி பற்றிய ஐயம் தேவையில்லை. பால் அடிப்பிடித்துவிட்டது என்றால் யாரும் சண்டை என்று நினைப்பதில்லை.

நீங்கள் கேட்ட இரண்டாவது சொல்லுக்கு நம் நாட்டோடு உண்மையான தொடர்பு உண்டு. இந்தியாவில் பிரித்தானியப் படையினரின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டிய கிடங்குகளில் வைத்திருந்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் கோதுகளின் கழுத்தில் கீறல்கள். மழைப் பருவத்தில் நேர்ந்ததால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வந்தது. காரணம் 1921இல்தான் தெளிவாக விளங்கியது: மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர், குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், கோதை இழுத்து உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்தே கீறலை உண்டாக்குகின்றன என்று காட்டினார்கள். ஆகவே மழை வெறும் சாட்சிதான். பருவத்தைப் பெயரில் வைத்தால் படிப்பவர் கோதைக் குளிரிலிருந்து காக்க முயல்வாரே தவிர, அம்மோனியா கலந்த பித்தளை மெருகுநீரை விட்டு விலகமாட்டார். நவச்சாரம் அம்மோனியா தரும் உப்பு; ஆகவே நவச்சார விரிசல் என்றால் காரணம் பெயரிலேயே நிற்கிறது. ஈயம் பூசும் பட்டறையில் நவச்சாரப் புகையை முகர்ந்தவர் எவரும் அந்த நெடியை மறக்கமாட்டார். நம் வீடுகளில் பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவது இங்கே சரியான வழி என்பதையும் குறிப்பிட வேண்டும். இங்குள்ள சுடுநர் பலர் கடையில் வாங்கும் சிட்ரிக் அமிலமும் அந்த வகைப் புளிப்புதான்.

இந்த விரிசல் வராமல் தடுக்கக் கழுத்தை மட்டும் சூடுகாட்டி இறுக்கத்தைத் தளர்த்துவார்கள். இதற்குக் காய்ச்சித் தணித்தல் என்று வைத்திருக்கிறேன். வணிக ஆலைகளும் இதைச் செய்கின்றன, ஆனால் பிறகு மெருகேற்றி அடையாளத்தை அழித்துவிடுகின்றன. படைத்துறைக் கோதிலோ நீலமும் பழுப்புமாக ஒரு கறை கழுத்தைச் சுற்றி அப்படியே இருக்கும். புதியவர்கள் அதைத் தீயில் கெட்ட சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கறை இருப்பதே நல்லது என்று இரண்டு முறை எழுதினாலும் தகும்.

பொட்டு வகைகளில் ஒரு பிரிவினை தேவைப்படுகிறது. பழைய பொட்டுகளில் குளோரேட்டு கலந்தவை உப்பை விட்டுச் செல்லும். அது குழலைத் துருப்பிடிக்க வைக்குமே தவிரக் கோதுக்குத் தீங்கில்லை. பாதரசம் கலந்தவை நேர்மாறு: குழலுக்குக் கேடில்லை, ஆனால் பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கச் செய்யும், வெளியே எதுவும் தெரியாது. ஆங்கிலத்திலேயே பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். உப்புப்பொட்டு, ரசப்பொட்டு என்று பிரித்துவிட்டால் தமிழில் அந்தக் குழப்பம் தொடங்கவே வேண்டியதில்லை. ரசப்பொட்டு சுட்ட கோது, எவ்வளவு பளபளத்தாலும், பழைய பித்தளைக் கடைக்குத்தான்.

அடியில் வட்டத்துக்குள் சிலுவை பொறித்த 7.62 நேட்டோ படைத்துறைக் கோதுகளைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கிறேன். வெளியளவில் அவை .308 வின்செஸ்டர் என்ற வணிகத் தோட்டாவின் கோதுகளோடு ஒத்துப்போனாலும் சுவர் பொதுவாகத் தடிப்பானது, உள்ளிடம் குறைவு, வணிகக் கோதுக்கு அளந்த மருந்தை அப்படியே இதில் கொட்டினால் அழுத்தம் ஏறிவிடும். இதற்குப் புதுச்சொல் வேண்டாம், 'உள்ளளவு' என்ற வீட்டுச்சொல்லே போதும்.

எனக்கு இன்னும் பிடிபடாத சொல் ஒன்றுதான். படைத்துறையினர் பொட்டு கழன்று துப்பாக்கிக்குள் விழாதிருக்க, அதன் விளிம்பின்மேல் சுற்றியுள்ள பித்தளையை வட்டமாகவோ மூன்று இடங்களிலோ நெருக்கி விடுகிறார்கள். மறுநிரப்புக்கு முன் அந்த நெருக்கலை அழுத்தியோ சீவியோ அகற்றாவிட்டால் புதிய பொட்டு நசுங்கும். 'இறுக்கு' என்றால் திருகாணிபோல் இருக்கிறது. 'மடிப்பு' என்றால் துணிபோல் இருக்கிறது. நகையில் கல்லின் விளிம்பின்மேல் பொன்னை நெருக்கிப் பிடிக்கவைக்கும் வேலையும் இதுவேதான். நகைத்தொழில் குடும்பத்தினர் எவரேனும் குழுவில் இருப்பின், பட்டறையில் அந்தச் செயலுக்கு வழங்கும் சொல்லை எழுதுங்கள். அதுவரை வரைவில் அந்த இடத்தில் 'கவ்வு' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒகையோவிலிருந்து