ட்ரே ஸ்மித்: ஒரு கார்டுக்கு 2.34 கோடி டாலர் தகுமா?

கணக்குப்பிள்ளை | மார்ச் 12, 2025

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் பிலடெல்பியாவிடம் 40-22 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. எல்லோரும் அழுது முடித்திருப்பீர்கள் என்று நம்பி இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் நம் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ், வலது கார்ட் (பந்து எறிபவரைக் காக்கும் ஐவர் வரிசையில், நடுவில் நிற்கும் சென்டருக்கு வலப்பக்கத்து ஆள்) ட்ரே ஸ்மித்துக்கு ஃப்ரான்சைஸ் டேக் போட்டது. ஒப்பந்தம் முடிந்த ஆளை வெளியே விடாமல் இன்னும் ஒரு சீசன் பிடித்து வைக்கிறார்கள். அதற்குச் சம்பளம் 2.34 கோடி டாலர். இந்த ஆண்டு ஒரு அணிக்கான மொத்தச் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி. 53 பேர் பங்கு போட வேண்டிய பணத்தில் ஒரே ஆளுக்கு நூற்றில் எட்டுக்கு மேல் போகிறது. அவர் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடப்போவதும் இல்லை.

ஸ்மித் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. ஆள் பலசாலி, வயது 25. ஆனால் டேக்கை வைத்துக்கொண்டே அவரை வேறு அணிக்குக் கொடுத்து, டிராஃப்ட் வாய்ப்புகளை (கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வாங்கிக்கொள்ள வேண்டும். போன வருடம் ஸ்னீடுக்கு டேக் போட்டு டென்னசிக்கு அனுப்பியது இதே நிர்வாகம்தான். 2022ல் பந்து பிடிக்கும் நட்சத்திரம் டைரீக் ஹில்லையே மயாமிக்குக் கொடுத்துவிட்டு, ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கிக்கொண்டு, அடுத்த இரண்டு சூப்பர் பவுலையும் ஜெயித்தோம். ஹில்லையே விட முடிந்தவர்களுக்கு ஒரு கார்டை விட முடியாதா?

வலதுகை வண்டி | மார்ச் 12, 2025

கணக்கு சார், சூப்பர் பவுலை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். கஷ்டம்தான், ஆனாலும் பாருங்கள்.

பிலடெல்பியா அன்று ஒரு தடவைகூட பிளிட்ஸ், அதாவது கூடுதல் ஆள், அனுப்பவில்லை. வழக்கமான நால்வரை மட்டும் அனுப்பியே நம் குவார்ட்டர்பேக் (பந்து எறிபவர்) மஹோம்ஸை ஆறு முறை பந்தோடு சாய்த்தார்கள். பாதி ஆட்டத்தில் 24-0. அதுவரை நம் தாக்குதல் எடுத்தது மொத்தமே 23 கெஜம். நால்வரைத் தடுக்க நம்மிடம் ஐவர் இருந்தார்கள், முடியவில்லை. இப்படி ஒரு ஆட்டம் முடிந்த மறுமாதமே, அந்த ஐவரில் நன்றாக ஆடும் ஒருவரை விற்கச் சொல்கிறீர்கள். இடது கார்ட் ஜோ தூனியை வேறு ஏற்கெனவே சிகாகோவுக்குக் கொடுத்தாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை | மார்ச் 12, 2025

அந்த ஆட்டத்தில் ஓட்டை எங்கே இருந்தது? இடது டேக்கிளில், அதாவது வரிசையின் இடது ஓரத்தில். சீசன் முழுக்க அந்த இடத்துக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தோம். சுவாமடாயியா சரிவரவில்லை, மோரிஸ் சரிவரவில்லை, ஹம்ப்ரீஸுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. கடைசியில் கார்ட் ஆடும் தூனியைப் பிடித்து அங்கே நிறுத்தினார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தானே பணம் வேண்டும்? வலது கார்டில் கொட்டினால் இடது டேக்கிள் சரியாகிவிடுமா?

வலதுகை வண்டி | மார்ச் 12, 2025

நீங்கள் சொன்னதில் பாதிக் கதை விட்டுப்போனது. தூனி டேக்கிளுக்குப் போனதும் இடது கார்ட் காலியானது. அங்கே வந்தவர் காலியெண்டோ, டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல் வந்த ஆள். அவரைக் குறை சொல்லவில்லை, தன்னால் முடிந்ததைச் செய்தார். ஆனால் கார்ட் இடத்தில் மலிவான ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆட்டத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். பிலடெல்பியாவின் ஜோஷ் ஸ்வெட் இரண்டரை சாக் (குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) எடுத்தார், சரி, அவர் ஓரத்திலிருந்து வருகிறவர். மில்டன் வில்லியம்ஸ் எடுத்த இரண்டு? அவர் நடுவில் நிற்கும் ஆள்.

ஓரத்திலிருந்து ஒருவன் சுற்றி வந்தால் மஹோம்ஸ் முன்னால் இரண்டடி எடுத்து வைத்துத் தப்பிப்பார். அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. நடுவில் சுவர் இடிந்தால் முன்னால் போக இடமில்லை, எதிரே யார் ஓடுகிறார்கள் என்பதும் கண்ணில் படாது. பின்னாலேயே ஓட வேண்டியதுதான்.

புதுரசிகை | மார்ச் 13, 2025

நான் மூன்று வருடமாகத்தான் பார்க்கிறேன், ஒரு சந்தேகம் அண்ணா. கார்டுகளுக்கு டேக்கிள்களைவிடச் சம்பளம் குறைவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். போன வருடம் பிலடெல்பியாவின் டிக்கர்சன் நான்கு ஆண்டுக்கு 8.4 கோடி வாங்கியதே கார்டுகளில் பெரிய தொகை என்றார்கள், வருடத்துக்கு 2.1 கோடி. அப்படியிருக்க ஸ்மித்துக்கு எப்படி 2.34 வந்தது?

கணக்குப்பிள்ளை | மார்ச் 13, 2025

நல்ல கேள்வி தங்கச்சி. என் வயிற்றெரிச்சலே அதுதான். டேக் தொகையை ஒவ்வொரு இடத்திலும் அதிகம் வாங்கும் ஐவரின் சம்பளத்தை ஒட்டி நிர்ணயிக்கிறார்கள். ஆனால் லீக் விதியில் டேக்கிள், கார்ட், சென்டர் என்று பிரிவு கிடையாது. எல்லோரும் 'ஆஃபென்சிவ் லைன்' என்ற ஒரே கணக்கு. அந்தப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருப்பவர்கள் டேக்கிள்கள். அதனால் கார்டுக்கு டேக் போட்டால் டேக்கிள் விலை கொடுத்தாக வேண்டும். அதனாலேயே அணிகள் கார்டுகளுக்கு டேக் போடுவது அபூர்வம்.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஜூலை 15க்குள் நீண்டகால ஒப்பந்தம் போடலாம். ஆனால் வரும் சீசனுக்கு 2.34 கோடி உறுதி என்று தெரிந்த ஆள், வருடத்துக்கு 2 கோடிக்குக் கையெழுத்துப் போடுவாரா? டேக் போட்ட அன்றே பேரத்தின் அடிமட்டத்தை நாமே உயர்த்திவிட்டோம்.

ஹூஸ்டன் வெயில் | மார்ச் 13, 2025

எதிரணி ரசிகன் உள்ளே வரலாமா? எங்கள் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

2019ல் இடது டேக்கிள் லாரமி டன்சிலை மயாமியிடமிருந்து வாங்க முதல் சுற்று வாய்ப்பு இரண்டும், இரண்டாம் சுற்று வாய்ப்பு ஒன்றும் கொடுத்தோம். இந்த வாரம் அவரை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்ததில் முதல் சுற்று ஒன்றுகூட இல்லை. போன சீசனில் எங்கள் குவார்ட்டர்பேக் ஸ்ட்ராவுட் 52 முறை சாய்க்கப்பட்டார். ஜனவரியில் உங்கள் ஆரோஹெட் மைதானத்தில் உங்கள் ஆட்களே எட்டு முறை சாய்த்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட அணி, இருப்பதில் நல்ல டேக்கிளை விற்கிறது. இடத்தை யார் நிரப்புவார்கள் என்று எங்களுக்கு இன்னும் புரியவில்லை. ஸ்மித்தை விற்கச் சொல்கிறவர்கள் ஆறு மாதம் கழித்து எங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 13, 2025

வாங்க வாங்க. ஆனால் நீங்கள் சொன்ன உதாரணம் என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறது. அந்த 52 சாக்கும் டன்சில் அணியில் இருக்கும்போதே விழுந்தவை. பெரிய சம்பளத்தில் ஒரு பெரிய பெயரை வைத்திருந்து கண்ட பலன் என்ன?

ஹூஸ்டன் வெயில் | மார்ச் 13, 2025

மற்ற இடங்களில் ஆள் இல்லை என்பதற்கு இருக்கிறவனையும் அனுப்பிவிடுவதா? நல்ல நியாயம்.

சிவப்புச் சட்டை | மார்ச் 14, 2025

பிலடெல்பியாவை உதாரணம் காட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. நம்மை அடித்த அணியின் வலது கார்ட் யார்? மெக்காய் பெக்டன். ஜெட்ஸ் 2020ல் 11வது இடத்தில் எடுத்து, காயத்தால் வீணாகி, விட்டுவிட்ட டேக்கிள். ஒரு வருடச் சில்லறை ஒப்பந்தத்தில் வந்தவரை கார்டாக மாற்றி ஆட வைத்தார்கள், சூப்பர் பவுல் மோதிரத்தோடு போனார். வலது கார்டை அப்படியும் உருவாக்கலாம். 2.34 கோடி தேவையில்லை.

வலதுகை வண்டி | மார்ச் 14, 2025

பெக்டனுக்கு வலப்பக்கம் டேக்கிள் லேன் ஜான்சன். இடது கார்டில் தங்கச்சி சொன்ன அதே 8.4 கோடி டிக்கர்சன். இடது டேக்கிளில் மைலாட்டா. எல்லோருக்கும் பாடம் சொல்ல ஜெஃப் ஸ்டவுட்லண்ட் என்கிற பயிற்சியாளர் 2013லிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு பேர் சுற்றி நின்றால் ஒரு இடத்தில் சில்லறைக்கு ஆள் வைக்கலாம். நம்மிடம் சென்டரில் க்ரீட் ஹம்ப்ரி இருக்கிறார், அவருக்கு இணை யாருமில்லை. வேறு யார்? வலது டேக்கிள் ஜவான் டெய்லர் அபராதக் கொடிகளைச் சேர்க்கவே பிறந்தவர். இடது பக்கம் மொத்தமும் கேள்விக்குறி. ஸ்மித்தையும் அனுப்பினால் ஹம்ப்ரி தனியாக நின்று யாரைத் தடுப்பார்?

2021 பிப்ரவரியில் டாம்பா சூப்பர் பவுலில் நடந்ததை மறந்துவிட்டோமா? டேக்கிள்கள் ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் இருவருக்கும் காயம், இரண்டு ஓரமும் மாற்று ஆட்கள், 31-9 என்று தோற்றோம். மஹோம்ஸ் அன்று பந்தை எறிந்ததைவிட உயிருக்குப் பயந்து ஓடியதுதான் அதிகம். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் அதே வருடம் வரிசையையே மாற்றினார்கள். தூனிக்கு 8 கோடி, பால்டிமோரிடமிருந்து டேக்கிள் ஆர்லாண்டோ பிரவுன், இரண்டாம் சுற்றில் ஹம்ப்ரி, ஆறாம் சுற்றில் 226வது ஆளாக ஸ்மித். பலன் கையில் வந்தது. இப்போது அதில் மிச்சம் இருப்பது ஹம்ப்ரியும் ஸ்மித்தும் மட்டும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 14, 2025

நீங்களே பாயிண்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள். 226வது ஆள்! ஆறாம் சுற்றில் ஒரு ஸ்மித்தைக் கண்டுபிடித்தவர்கள் இன்னொருவரைக் கண்டுபிடிக்க மாட்டார்களா? ஆர்லாண்டோ பிரவுன் 2023ல் சின்சினாட்டிக்குப் போனபோதும் இங்கே இதே ஒப்பாரிதான். ஒரு வருட ஒப்பந்தத்தில் டோனவன் ஸ்மித் வந்தார், கோப்பையும் வந்தது.

வலதுகை வண்டி | மார்ச் 14, 2025

அவர் 226 வரை சரிந்தது ஆட்டம் போதாமல் இல்லை சார். 2018ல், டென்னசி பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, நுரையீரலில் ரத்தக்கட்டு. அந்த மருத்துவ அறிக்கையைப் பார்த்துத்தான் மற்ற அணிகள் கை வைக்கப் பயந்தன. இல்லையென்றால் முதல் இரண்டு மூன்று சுற்றிலேயே போயிருப்பார். அப்படி ஒரு அதிர்ஷ்டம் வருடா வருடம் ஆறாம் சுற்றில் காத்திருக்காது.

சிவப்புச் சட்டை | மார்ச் 14, 2025

அந்த உடல்நிலையோடு நீண்டகால ஒப்பந்தம் ஆபத்து இல்லையா? சும்மா கேட்கிறேன்.

ஓவர்லேண்ட் பார்க் பாலா | மார்ச் 15, 2025

நான்கு வருடமாகப் பெரும்பாலும் எல்லா ஆட்டத்திலும் நிற்கிறார், போன சீசன் ப்ரோ பவுல் நட்சத்திரத் தேர்வும் கிடைத்தது. மருத்துவர்கள் பார்க்க வேண்டியதை நாம் பேசி என்ன ஆகப்போகிறது?

பக்கத்து ஊர்க்காரன், ஆரோஹெட்டில் அடிக்கடி மேல் தட்டில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். நேரில் பார்த்தால் ஸ்மித் வேறு ஆள். 146 கிலோ உடம்பு, எதிராளியை இரண்டு கெஜம் தள்ளிக்கொண்டு போய்த் தரையில் சாய்த்துவிட்டுத்தான் விடுவார். பச்சேக்கோ பந்தோடு அந்த வழியாக ஓடும்போது கூட்டமே எழுந்து நிற்கும். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? நாம் எத்தனை தடவை ஓடுகிறோம்? ஆண்டி ரீட் பந்தை எறிவதற்கென்றே பிறந்த பயிற்சியாளர். ரன் பிளாக்கில் (பந்தோடு ஓடுபவருக்கு வழி திறப்பதில்) இவ்வளவு வலுவான ஆளுக்கு இவ்வளவு பணம் கொடுத்துவிட்டு, நாற்பது தடவை எறிந்தால் கார் வாங்கி ஷெட்டில் நிறுத்திய கதைதான். வைத்துக்கொள்வது என்றால் ஆட்டத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். அது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வலதுகை வண்டி | மார்ச் 15, 2025

பாலா அண்ணே, ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மஹோம்ஸ் சீசனில் 36 முறை சாய்க்கப்பட்டார், அவர் விளையாட வந்ததிலிருந்து அதுதான் அதிகம். அதில் ஒரு பங்கு அவருடையதும்தான். பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் பின்னால் போவார், டேக்கிள்களுக்குத் தடுக்க வேண்டிய தூரம் கூடும். ஏன் பின்னால் போகிறார்? முன்னால் நிற்க நம்பிக்கை இல்லாததால். நடு மூவர் அசையாமல் நின்றால் ஓரத்து இருவருக்கும் வேலை பாதி குறையும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 16, 2025

பணத்தைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். தூனியை அனுப்பியதில் மிச்சமான 1.6 கோடி எங்கே போனது? இடது டேக்கிளுக்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஜெய்லன் மூர், இரண்டு வருடம், 3 கோடி. அங்கே பெரும்பாலும் மாற்று ஆளாக இருந்தவர். ஹம்ப்ரிக்கு 7.2 கோடி ஒப்பந்தம் ஓடுகிறது. டெய்லருக்கு 8 கோடி. கிறிஸ் ஜோன்ஸுக்கு 15.8 கோடிக்கு மேல். மஹோம்ஸைச் சொல்லவே வேண்டாம். கார்லாஃப்டிஸும் மெக்டஃபியும் புது ஒப்பந்தத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். மெக்டஃபி யார் தெரியுமா? ஹில்லைக் கொடுத்து வந்த வாய்ப்புகளின் புண்ணியத்தில் கிடைத்தவர். ஸ்மித்தா மெக்டஃபியா என்று வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு மெக்டஃபி என்பேன்.

புதுரசிகை | ஏப்ரல் 25, 2025

இழையை எழுப்புகிறேன். நேற்று டிராஃப்டின் முதல் சுற்றில் 32வது ஆளாக ஓஹையோ ஸ்டேட்டின் ஜோஷ் சிம்மன்ஸ். இடது டேக்கிள்! அதுவும் பிலடெல்பியாவோடு ஒரு இடம் மாற்றிக்கொண்டு. முழங்கால் காயத்திலிருந்து வருகிறார், அது மட்டும் பயம்.

வலதுகை வண்டி | ஏப்ரல் 25, 2025

பார்த்தீர்களா கணக்கு சார். இடது டேக்கிளுக்குப் புதுமுகச் சம்பளம், நான்கு வருடம். அங்கே மிச்சமாகும் பணம் வலது கார்டுக்கு.

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 25, 2025

முழங்கால் தேறட்டும், அப்புறம் மிச்சத்தை எண்ணலாம்.

ஓவர்லேண்ட் பார்க் பாலா | ஜூலை 15, 2025

கடைசி நாளில் முடிந்துவிட்டது. நான்கு வருடம், 9.4 கோடி. அதில் 7 கோடி உறுதி என்கிறார்கள். லீக் வரலாற்றிலேயே அதிகம் வாங்கும் கார்ட்.

கணக்குப்பிள்ளை | ஜூலை 15, 2025

நாலால் வகுத்துப் பாருங்கள். 2.35. டேக் 2.34. அடிமட்டத்தை நாமே போட்டுக் கொடுத்தோம் என்று மார்ச் மாதமே சொன்னேன்.

வலதுகை வண்டி | ஜூலை 15, 2025

ஆண்டுக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்து 25ஐத் தாண்டி இப்போதுதான் 26ல் கால் வைத்த ஆளை நான்கு வருடம் கட்டிப்போட்டிருக்கிறோம். உச்சவரம்பு வருடா வருடம் ஏறுகிறது. 2027ல் இதே தொகை மலிவாகத் தெரியும். டிக்கர்சன் ஒப்பந்தத்தைப் பார்த்தும் போன வருடம் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

ஹூஸ்டன் வெயில் | ஜூலை 15, 2025

எங்களுக்கும் ஒரு ஸ்மித்தை அனுப்பியிருக்கலாம். வாழ்த்துகள், வயிற்றெரிச்சலோடு.

கணக்குப்பிள்ளை | ஜூலை 16, 2025

சரி, கையெழுத்தாகிவிட்டது, இனி அவர் நம்ம ஆள். ஆனால் பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். அடுத்த மார்ச்சில் ஜவான் டெய்லரை விட்டுவிடலாம் என்கிறேன். யாராவது மறுக்கிறீர்களா?

வலதுகை வண்டி | ஜூலை 16, 2025

அதற்கு மட்டும் நானே பெட்டி கட்டிக் கொடுக்கிறேன்.