19 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள், கையில் 40 ஆயிரம்: எதற்குச் செலவழிப்பது?

கடைமடைக்காரன்:

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் சின்ன ஊர். எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இந்த வருடம் மொத்தமே 19 பிள்ளைகள். நான் படித்தபோது நூற்றுக்கு மேல் இருந்தோம், இடம் பத்தாமல் ஒரு வகுப்பு வேப்பமரத்தடியில் நடக்கும். இப்போது காலை ஏழரைக்கே தனியார் பள்ளி வேன் மதகடியில் வந்து ஆரன் அடிக்கிறது, ஊர்ப் பிள்ளைகளில் பாதி அதில் ஏறிவிடுகிறார்கள்.

பள்ளிக்கு வருகிற வருட மானியம் 10,000 ரூபாய். 30 பிள்ளைகள் வரை அவ்வளவுதானாம். அதிலும் பத்தில் ஒரு பங்கு துப்புரவுக்கு என்று விதி. சாக்பீஸ், பதிவேடு, பிரிண்டர் மை, பினாயில், நடுவில் ஒரு குழாய் உடைந்தால் கணக்கு முடிந்தது.

இந்தத் தடவை கோயில் குளத்து மீன் ஏலத்தில் 40 ஆயிரம் வந்திருக்கிறது. அதைப் பள்ளிக்குக் கொடுக்க ஊர்க்கூட்டத்தில் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டோம் (திருவிழாப் பந்தல் கோஷ்டி இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது, அது தனிக்கதை). பெரிய டிவி வாங்கி மாட்டினால் வேனில் போகிற பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறார்கள் பையன்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. நாலாவது படிக்கிற என் அண்ணன் மகள் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். பணம் போட்டால் படிப்பு வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார்:

தம்பி, மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் 32 வருடம் இதே மாதிரிப் பள்ளிகளில் இருந்தவன். முதலில் மானியக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். 31-ஆவது பிள்ளை சேர்ந்துவிட்டால் 10,000 என்பது 25,000 ஆகிவிடும். ஒரே ஒரு பிள்ளைக்கு 15,000 வித்தியாசம். ஆனால் ஓடு ஒழுகுவதும் தாழ்ப்பாள் போவதும் தலையை எண்ணியா நடக்கிறது? பிள்ளை குறையக் குறையப் பணமும் குறையும், பணம் குறைந்தால் பள்ளி பார்க்கவே பாழாய்க் கிடக்கும், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வேனுக்குப் போவார்கள்.

ஆசிரியர் விஷயமும் அப்படித்தான். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒன்று முதல் மூன்று வரை எண்ணும் எழுத்தும் திட்டம் என்று ஒரே அறையில் உட்காரவைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துவார் ஒருவர், நாலும் ஐந்தும் இன்னொருவருக்கு. முறை நல்ல முறைதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தலைமையாசிரியர் கூட்டம், பயிற்சி, எமிஸ் (அரசின் பள்ளித் தகவல் இணையதளம்) பதிவு என்று போன அன்றைக்கு 19 பேரையும் ஒருவரே மேய்க்க வேண்டியதுதான், அன்றைக்குப் பாடம் ஏது? போன மாதம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த நாள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் அண்ணன் மகள் ஏன் எழுத்துக்கூட்டுகிறாள் என்பது பாதி விளங்கிவிடும்.

கட்டடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது ஒன்றியத்தின் சொத்து. கிராம சபையில் தீர்மானம் போட்டு வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள். ஏலப்பணத்தில் ஓடு மாற்றினால் அடுத்த வருடமும் உங்களையேதான் மாற்றச் சொல்வார்கள்.

வெண்ணாற்றங்கரை:

நான் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. நாங்களும் டிவியில்தான் ஆரம்பித்தோம், யாரோ வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் வாங்கிக் கொடுத்தார். ஐப்பசி மழையில் ஒரு இடி, அவ்வளவுதான், இப்போது அதன்மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறோம்.

பலன் கொடுத்தது வேறு. இல்லம் தேடிக் கல்வியில் (கொரோனாவுக்குப் பிறகு அரசு நடத்திய மாலை வகுப்பு) தன்னார்வலராக இருந்த பெண் ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். அப்போது அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு கொடுத்தது. அது நின்ற பிறகு நாங்கள் 1,500 கொடுத்துச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வாசிக்க மட்டும் வைத்தோம். வீட்டுப்பாடம் கிடையாது, டியூசன் கிடையாது, சத்தமாக வாசிக்க வேண்டும், அவ்வளவே. சின்னச் சின்னக் கதைப்புத்தகமாக 4,000 ரூபாய்க்கு வாங்கினோம். முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை, எனக்கே சலிப்பாகிவிட்டது. பொங்கலுக்கு அப்புறம் 11 பேரில் 8 பேர் தடங்கலில்லாமல் வாசித்தார்கள். மூன்று பேர் வரவே இல்லை, சம்பா நடவு சமயத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கு என்ன பண்ணுவதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

வேன் அப்பா:

நான் வேனில் அனுப்புகிறவன், திட்டுவதென்றால் திட்டுங்கள். மூன்றரை வயதில் எல்கேஜி வேண்டும், வகுப்புக்கு ஒரு டீச்சர் வேண்டும். இரண்டும் ஊர்ப் பள்ளியில் இல்லை. டிவிக்காகவெல்லாம் திரும்பி வரமாட்டேன். ஆனால் ஆறாவதுக்கு அரசுப் பள்ளியில்தான் சேர்ப்பேன், மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறாவதிலிருந்தே அங்கே படித்திருக்க வேண்டும், மகள் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் உதவித்தொகையும் இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லாரும் இதே கணக்குதான். அடிவாங்குவது தொடக்கப் பள்ளி மட்டும்.

வாய்க்கால் வரப்பு:

பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் டெல்லி 2024-25-க்குத் தரவேண்டிய 2,152 கோடியை நிறுத்திவைத்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று பிள்ளைகள் வயிற்றில் அடித்தார்கள். மீன் ஏலத்தில் பள்ளி நடத்துகிற நிலைமைக்கு அதுதான் காரணம்.

ஓய்வு வாத்தியார்:

நிறுத்தியது அநியாயம்தான். ஆனால் சமக்ர சிக்ஷாவில் வருவது மானியம், பயிற்சி, சிறப்பாசிரியர் மாதிரியானவை. எங்கள் மாதிரி ஆசிரியர் சம்பளம் மாநில அரசுடையது. பிள்ளைகள் நூறு பேராய் இருந்து 19 ஆனது 2024-க்கு ரொம்ப முன்னாடியே.

கடைமடைக்காரன்:

நன்றி சார், நன்றி அக்கா. எண்ணிப் பார்த்தேன். போன மாதம் இரண்டு டீச்சரும் சேர்ந்து இருந்தது 11 நாள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, போனதெல்லாம் அலுவல் வேலையாகத்தான்.

எங்கள் ஊரிலும் பிஎட் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் ஒன்று இருக்கிறது. பத்து மாதத்துக்கு 15 ஆயிரம், புத்தகம் 5 ஆயிரம் என்று வைத்தால் மிச்சம் அடுத்த வருடத்துக்கும் காணும். டிவிக் கோஷ்டியை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பார்த்துக்கொள்கிறேன். அக்கா, அந்தக் கதைப்புத்தகங்கள் எங்கே வாங்கினீர்கள், தஞ்சாவூரா கும்பகோணமா?