2 ஜிபி ராம் உள்ள பழைய கணினியில் உபுண்டு மிகவும் தாமதமாக இயங்குகிறது

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்):
வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் தமிழ்த் தட்டச்சு கற்றுக்கொடுக்க, 2010இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். இன்டெல் கோர் 2 டுவோ செயலி, 2 ஜிபி ராம், 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க். உபுண்டு 22.04 இயங்குதளத்தை நிறுவிய பிறகு, தட்டச்சுக்கான லிப்ரெஆபிஸ் மென்பொருளைத் திறப்பதற்கே இரண்டு நிமிடங்கள் ஆகின்றன; உடன் பயர்பாக்ஸையும் திறந்தால் மவுஸ் சுட்டிகூட நின்று நின்றுதான் நகர்கிறது. ராமில் உள்ளதை எவ்வளவு தாராளமாக டிஸ்க்குக்கு மாற்றலாம் என்பதைக் குறிக்கும் ஸ்வாப்பினஸ் மதிப்பை 60இலிருந்து 10ஆகக் குறைத்தும் பயனில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது; அதில் பாதி காத்திருப்பிலேயே கழிவது வருத்தமாக இருக்கிறது. புதுக் கணினி வாங்க வசதியில்லை.

பதில் (புதுச்சேரி, லாஸ்பேட்டை):
வணக்கம் ஐயா. எதையும் மாற்றுவதற்கு முன், கணினி எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டு மென்பொருள்களையும் திறந்துவைத்து, டெர்மினலில் டாப் கட்டளையை இயக்குங்கள். சிபியு வரியில் டபிள்யூஏ என்பதற்கு முன்னால் உள்ள எண், செயலி வேறு வேலையின்றி டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தின் விழுக்காடு. அதையும், ராம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடமான ஸ்வாப்பின் அளவையும் எழுதுங்கள்.

கேட்டவர்:
டபிள்யூஏ 55க்கும் 70க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. ஸ்வாப் 1 ஜிபியைத் தாண்டிவிட்டது.

பதில் (லாஸ்பேட்டை):
அப்படியானால் செயலியின் மேல் குறையில்லை. உபுண்டு 22.04க்கு 4 ஜிபி ராம் வேண்டும் என்று அதன் வெளியீட்டாளர்களே கூறுகிறார்கள். இடம் போதாதபோது ராமில் உள்ளவை டிஸ்க்குக்குப் போய்த் திரும்புகின்றன. 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 8 மில்லி வினாடிக்கு மேல் ஆவதால், ஆயிரக்கணக்கான முறை போய்வரும்போது திரை உறைந்து நிற்கிறது. ராமே பற்றாத இடத்தில் ஸ்வாப்பினஸைக் குறைப்பதால் பெரிய மாற்றம் வராது. உங்கள் மதர்போர்டு டிடிஆர்2 வகையா, டிடிஆர்3 வகையா என்று பார்த்து, அதற்குரிய பழைய 2 ஜிபி ராம் ஒன்றைச் சேருங்கள். உபுண்டுவுடன் வரும் க்னோம் மேசைச் சூழலுக்குப் பதிலாக, குறைந்த ராமில் இயங்கும் எக்ஸ்எப்சிஈ மேசைச் சூழலை நிறுவி, நுழைவுத் திரையின் பல்சக்கரக் குறியில் அதைத் தேர்ந்தெடுங்கள். ராமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி ஸ்வாப்பாக வைக்கும் இசட்-ராமும் உதவும். ஆனால் அதை இயக்கினால் ஸ்வாப்பினஸைப் பழையபடி 60க்கு ஏற்றிவிட வேண்டும்.

பதில் (கடலூர், மஞ்சக்குப்பம்):
என் கருத்தில் பணத்தை முதலில், சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குச் செலவிடுவதே நல்லது. எப்படியானாலும் பழைய ஹார்ட் டிஸ்கின் நலத்தை, டிஸ்க்ஸ் மென்பொருளின் ஸ்மார்ட் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்கின் சிறு பகுதிகள்) எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், பிள்ளைகளின் கோப்புகளை அன்றே நகலெடுக்க வேண்டும். கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று: உப்புக் காற்றில் ராமின் தொடுமுனைகள் மங்கிவிடும், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, அழிப்பானால் மெல்லத் துடைத்துப் பொருத்துங்கள்.

பதில் (லாஸ்பேட்டை):
எஸ்எஸ்டி மிக நல்லதுதான். ஆனால் ராம் போதாமல் அதையே ஸ்வாப்பாக நாள் முழுவதும் எழுதவைப்பதை நான் விரும்பவில்லை. டிஸ்க் நலமாக இருந்தால் ராமே முதலில்.

கேட்டவர்:
மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை பூஜ்யமாகவே உள்ளது. அதனால் பழைய ராம் ஒன்றை வாங்கி, முனைகளைத் துடைத்துப் பொருத்தி, எக்ஸ்எப்சிஈயும் நிறுவினேன். டபிள்யூஏ இப்போது 5ஐத் தாண்டுவதில்லை. லிப்ரெஆபிஸ் இருபது வினாடிகளுக்குள் திறக்கிறது. இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. எஸ்எஸ்டியை அடுத்த மாதம் பார்க்கிறேன்.