கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு கோட்டை

திருக்கோணமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பிரட்ரிக் கோட்டையைப் பார்ப்பதில்லை. அதன் வாசலுக்குள் வாகனத்தை விட்டு, நேரே கோணேசர் கோயில்வரை ஓட்டி, அர்ச்சனை முடித்து, பாறைப் பிளவான இராவணன் வெட்டில் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சென்ற ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தங்கையின் பிள்ளைகள் இருவரையும் நான் நடத்தியே கூட்டிச் சென்றேன். கச்சான் காற்று வீசும் காலத்தில் முற்பகலிலேயே கல்லின்மேல் கால் வைக்க முடியாத அளவுக்கு வெயில் ஏறிவிடும் என்பதால், விடிந்த கையோடு புறப்பட்டோம்.

வாசலிலேயே வெகுநேரம் கழிந்தது. நிலைக்கல்லில் பாண்டியரின் இணைக்கயல் செதுக்கப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் எளிதில் கண்டுபிடித்துவிட்டார்கள், எழுத்துகள்தாம் பிடிபடவில்லை. கோயிலிலிருந்து திருநீற்றுடன் திரும்பிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். “தம்பி, நேரே நிண்டு பார்த்தால் ஒண்டும் விளங்காது. இந்தப் பக்கம் வந்து, வெயில் சரிஞ்சு விழுற மாதிரி நிண்டு பாரும்” என்றார். அவர் சொன்ன இடத்தில் நின்றபோது, வெறும் கீறலாகத் தெரிந்தவை நிழல் பிடித்து எழுத்தாயின. “முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்று சிதைந்த இடங்களையும் நிரப்பி அவர் பாடிக் காட்டினார். குளக்கோட்டன், கோயில் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் பழைய மன்னன்; பறங்கி என்பது போர்த்துக்கேயர்.

“கோயில் கல்லு ஏன் மாமா கோட்டையிலை இருக்கு?” என்று இளையவன் கேட்டான். 1622ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டன்று போர்த்துக்கேயர் கோயிலுக்குள் புகுந்து கொள்ளையிட்டதையும், இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே 1624இல் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா இந்தக் கோட்டையை எழுப்பியதையும் சொன்னேன். அந்தப் பாடல் குளக்கோட்டன் காலத்துத் தீர்க்கதரிசனம் என்பது ஊரார் நம்பிக்கை; பறங்கியரைக் கண்ட காலத்தவர் எவரோ பாடியதாகவே எனக்குப் படுகிறது. இதை அந்த ஐயாவிடம் சொல்லி வாதிட எனக்கு மனம் வரவில்லை.

அதன் பின்னர் கோட்டை கைமாறிய கதை நீளமானது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782 சனவரியில் ஆங்கிலேயரும் அதே ஆண்டு ஓகஸ்டில் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் தலைமையிலான பிரெஞ்சுக்காரரும் பிடித்தார்கள். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தார்கள். 1803இல் யோர்க் கோமகன் பிரட்ரிக்கின் பெயரைச் சூட்டியவர்களும் அவர்களே. ஒரே வருடத்தில் இரண்டு தடவையா என்று மூத்தவள் வியந்தாள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை, திருக்கோணமலைத் துறைமுகமோ எக்காலத்திலும் அமைதியானது என்று விளக்கியதும், சண்டை எதற்காக என்பது அவளுக்குப் புரிந்தது.

உள்ளே இன்றும் இராணுவ முகாம் இருப்பதால் மதிலின் எல்லாப் பகுதிக்கும் போக முடியாது. வழியெங்கும் புள்ளிமான்கள் அச்சமின்றி நிற்கின்றன. அவற்றுக்குத் தீனி கொடுப்பவர்கள் பொலித்தீன் பைகளை அங்கேயே வீசிவிட்டுப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மான் அதையும் சேர்த்தே மென்றுவிடும்.

கோயில் அமைந்திருக்கும் சுவாமி மலையில் 1687ஆம் ஆண்டைத் தாங்கிய ஒல்லாந்தத் தூண் ஒன்று உண்டு. காதலனின் கப்பல் புறப்பட்டுப் போவதைக் கண்ட ஒல்லாந்தப் பெண் பிரான்சினா இங்கிருந்து குதித்தாள் என்பது கதை. பிரான்சினா அதற்குப் பின்னரும் உயிருடனிருந்து வேறொருவரை மணந்தாள் என்று ஆவணங்கள் கூறுகின்றன. இதைக் கேட்ட மூத்தவளுக்குப் பெரிய ஏமாற்றம். கோயிலிலோ சோமாஸ்கந்தரைப் பார்த்து இளையவன் அசையவே இல்லை. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட விக்கிரகங்களுள் அதுவும் ஒன்று என்றும், அவை 1963இல் புதிய கோயிலில் வைக்கப்பட்டன என்றும் சொன்னதும், “அப்ப பறங்கியர் வரமுன்னம் ஆரோ ஒளிச்சு வைச்சிருக்கினம்” என்று தானே முடிவு கட்டிவிட்டான். சம்பந்தர் பாடிய “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்” என்ற வரியை அவனுக்குப் பாடசாலையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மலை விளிம்பில் நின்று முத்து எங்கே என்று தேடினான். நீலத்திமிங்கிலமாவது தெரியும் என்று அரைமணி நேரம் காத்திருந்தோம், அதுவும் தெரியவில்லை.

திரும்பும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. மதிலுக்கு வெளியே ஒல்லாந்தர் குடாவில், மார்கழியில் கால் நனைக்கவே அஞ்ச வைக்கும் கடல், ஓகஸ்டில் குளம்போலக் கிடக்கிறது. பிள்ளைகளை நீரிலிருந்து வெளியே எடுக்க மாலையாகிவிட்டது.