டி.என்.ஏ.வில் யுராசிலுக்குப் பதிலாகத் தைமின் இருப்பது ஏன்?

கேள்வி:
மரபுச் செய்தியின் எழுத்துகளாக அமையும் காரங்களில், ஒரு மெத்தில் தொகுதியைத் (CH₃) தவிர ஆர்.என்.ஏ.வின் யுராசிலுக்கும் டி.என்.ஏ.வின் தைமினுக்கும் வேறுபாடில்லை; அடினின் என்னும் காரத்தோடு இரண்டுமே நன்றாக இணைகின்றன. அப்படியிருக்க, செல் கூடுதல் ஆற்றலைச் செலவிட்டு அந்த மெத்திலைச் சேர்ப்பானேன்?

மறுமொழி 1:
காரணம் சைட்டோசின் என்னும் இன்னொரு காரம். அது நீரோடு வினைபுரிந்து, தன் அமினோ தொகுதியை அம்மோனியாவாக இழந்து, தானாகவே யுராசிலாக மாறிவிடும் இயல்புடையது. டி.என்.ஏ.வில் யுராசில் இயல்பாகவே இடம்பெற்றிருந்தால், எது அசல், எது சிதைவால் வந்தது என்று பிரித்தறிய வழியிராது. தைமின் இருப்பதால், அங்கே தென்படும் யுராசிலைப் பிழையென்று கொண்டு ஒரு நொதி வெட்டியெடுத்துவிடுகிறது. இந்நொதியை 1974இல் கண்டறிந்த தாமஸ் லிண்டால், 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆர்.என்.ஏ. பெரும்பாலும் குறுகிய ஆயுளுடையது என்பதால் அதற்கு இவ்வளவு காவல் தேவைப்படுவதில்லை.

கேட்டவர்:
நன்றி. மெத்தில் ஏற்ற சைட்டோசின் அமினோவை இழந்தால் தைமினாகவே மாறுமல்லவா?

மறுமொழி 2:
ஆம், அப்படி வந்த தைமினை அசலிலிருந்து எளிதில் பிரித்தறிய முடியாது; அதனால்தான் அவ்விடங்களில் திடீர்மாற்றங்கள் மிகுதி. இன்னொரு வேடிக்கை: பி.பி.எஸ்.2 என்னும் பாக்டீரியோபேஜின் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின்) டி.என்.ஏ.வில் தைமினுக்குப் பதில் யுராசிலே இருக்கிறது. ஓம்புயிரான பாக்டீரியாவின் நொதி அதை வெட்டிவிடாதபடி, அந்நொதியை முடக்கும் புரதமொன்றையும் அது தயாரித்துக்கொள்கிறது.